வாலில் ஏறிய கிராம்கள்

ஈயக் குண்டுகளை ஒரு டப்பாவில் அள்ளிப் போட்டு விமானத்தின் மூக்கில் வைத்தேன். வால் இறங்கியே இருந்தது. இன்னொரு பிடி போட்டேன். அப்போதும் இறங்கியே இருந்தது. 1,150 கிராம் ஆனபோதுதான் கிளைடர், எஞ்சின் இல்லாத அந்த விமானம், எடைச் சமநிலை பார்க்கும் தாங்கியின் மேல் மட்டமாக நின்றது. ஒன்றரை வருடமாக எடையைப் பார்த்துப் பார்த்துக் கட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு கிலோவுக்கு மேல் வெறும் ஈயத்தை ஆகாயத்துக்கு ஏற்றப் போகிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நான் கட்டியது கா-8 என்ற ஒற்றை இருக்கை கிளைடரின் மூன்றில் ஒரு பங்கு மாதிரி, தரையில் நின்று ரேடியோவால் ஓட்டுவது. ருடால்ஃப் கைசர் வடிவமைத்தது, ஜெர்மனியின் ஷ்லைஷர் நிறுவனம் தயாரித்தது, முதலில் பறந்தது 1957இல். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் உடல், மரத்தில் இறக்கை, மேலே துணி, அடியில் ஒரே ஒரு சக்கரம். பயிற்சி மாணவர்கள் தனியாகப் பறக்கத் தொடங்கும் காலத்தில் ஏறி உட்கார்ந்த எளிய விமானம். ஆயிரத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். வெயிலுக்கு எதிரே பறக்கும்போது துணி வழியாக இறக்கையின் விலா எலும்புகளான ரிப்கள் வரிசையாகத் தெரியும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன் என்றாலும் பொய்யில்லை.

அசல் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 15 மீட்டர். மாதிரியில் 5 மீட்டர். நீளம் மூன்றில் ஒன்றானால் பரப்பு ஒன்பதில் ஒன்று, எடை இருபத்தேழில் ஒன்று. அசலின் அதிகபட்ச எடை 310 கிலோ, ஆக மாதிரி 11.5 கிலோ வரை போகலாம். என்னுடையது எல்லாம் சேர்ந்து 9.2 கிலோ. இறக்கைப் பரப்பு 157 சதுர டெசிமீட்டர், எனவே ஒரு சதுர டெசிமீட்டருக்கு 58 கிராமுக்குச் சற்று மேல். வேகம் மட்டும் வர்க்கமூலக் கணக்கில் குறையும். அசல் 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிற இடத்தில் மாதிரி 40இல் போகும். இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது என்னைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

பெரிதாகக் கட்டுவதற்கு அழகைத் தவிர வேறு காரணமும் உண்டு. சின்ன இறக்கைக்குக் காற்று கெட்டியாகத் தெரியும், பெரிய இறக்கைக்கு இளகும். இதை அளக்கும் ரெனால்ட்ஸ் எண் என் பழைய 2 மீட்டர் கிளைடரில் ஒரு லட்சத்தை ஒட்டி இருந்தது. இதில் இரண்டு லட்சத்துக்கு மேல். காற்று இறக்கையோடு ஒட்டி ஓடுவது எளிதாகிறது, சறுக்கல் நீள்கிறது, சின்னச் சின்னக் காற்றசைவுக்கெல்லாம் விமானம் துள்ளுவதில்லை. ஒரு முறை பழகிவிட்டால் சின்னதற்குத் திரும்பும்போது கொசுவைப் பிடித்து ஓட்டுவதுபோல் இருக்கும்.

வேலையை இறக்கையில் ஆரம்பித்தேன். மரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். இறங்குமுகமாகப் பாயும் விமானத்தை இழுத்து நிமிர்த்தும்போது 4 ஜி, அதாவது எடையைப்போல் நாலு மடங்கு பாரம், வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தூக்குவிசை 37 கிலோ எடைக்குச் சமம். ஒரு பக்கத்துக்கு 18 கிலோ சொச்சம். கேட்பதற்குச் சாதாரணம்தான். ஆனால் அந்த விசையின் மையம் உடலிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கும் ஸ்பாரின், அதாவது இறக்கை நெடுக ஓடும் உத்தரத்தின், உயரமோ 6 சென்டிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி ஸ்பாரின் மேல் பட்டையில் அமுக்கமும் கீழ்ப் பட்டையில் இழுப்பும் 320 கிலோவைத் தாண்டுகின்றன. இறக்கையின் சொந்த எடை இதில் கொஞ்சத்தைக் கழித்துக்கொடுக்கும், அதை நம்பி இருக்க வேண்டாம். ஸ்ப்ரூஸ் மரப் பட்டைகளின் மேல் அடிப்பகுதியிலிருந்து பாதி நீளம்வரை கார்பன் பட்டை ஒட்டினேன். மரம் இழுப்பைத் தாங்கும் அளவுக்கு அமுக்கத்தைத் தாங்காது. அதனால் மேல் பட்டையில் கார்பன் சற்று அகலம்.

இரண்டு பட்டைகளுக்கும் நடுவில் வரும் தகட்டில்தான் புதிதாகக் கட்டுபவர்கள் தவறுகிறார்கள். பால்சா என்ற இலேசான மரத்தில் செய்யும் அந்தத் தகட்டின் நார் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கைவசமாக ஒட்டினால் சுலபமாக வெட்டி வேலையை முடிக்கலாம், முதல் பலத்த இழுப்பில் அது நார்நாராகப் பிரிந்துவிடும். இறக்கையை உடலோடு இணைக்கும் கம்பி நுழையும் முதல் 30 சென்டிமீட்டரில் பால்சாவுக்குப் பதில் ப்ளைவுட் வைத்து, ஸ்பாரைச் சுற்றி கெவ்லார் நூலை எபாக்ஸிப் பசையில் நனைத்துச் சுற்றினேன். கம்பி உள்ளிருந்து ஸ்பாரைப் பிளக்கப் பார்க்கும் இடம் அது.

அப்புறம் முறுக்கு. இறக்கை முனை அடிப்பகுதியைவிட இரண்டு மூன்று பாகை கீழ்நோக்கித் திரும்பியிருந்தால், மெதுவாகப் பறக்கும்போது முனை கடைசியில்தான் ஸ்டால் ஆகும், அதாவது தூக்குவிசையை இழக்கும், விமானம் ஒரு பக்கமாகக் கவிழாது. முன்விளிம்பிலிருந்து ஸ்பார்வரை பால்சாப் பலகையால் மூடுகிற கணத்தில் இந்த முறுக்கு பூட்டுப் போட்டதுபோல் நிலைத்துவிடும். அதன் பிறகு ஆவி காட்டினாலும் சூடு காட்டினாலும் பெரிதாக ஒன்றும் நகராது. நான் வலது இறக்கையை மூடியபோது பின்விளிம்பின் அடியில் வைத்திருந்த ஆப்பு ஒன்று நகர்ந்திருக்கிறது, கவனிக்கவில்லை. அரைப் பாகைக்கு மேல் வித்தியாசம். இன்றுவரை என் கா-8 ஸ்டால் ஆகும்போது வலப்பக்கம்தான் சாயும். ஆப்புகளை வெறுமனே செருகாமல் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

துணி போர்த்துவது எனக்குப் பிடித்த வேலை. சூட்டில் சுருங்கும் பாலியெஸ்டர் துணியை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி இழுக்க வேண்டும். மேல் பக்கம் முழுவதையும் முடித்துவிட்டுக் கீழ்ப் பக்கம் போனால் இறக்கை வில்லாக வளைந்துவிடும். இரண்டு பக்கமும் முதலில் ஒட்டிவிட்டு, பிறகு மேலும் கீழும் மாறி மாறிச் சூடு காட்டுங்கள். கீழ்ப்பக்கம் குழிந்த இறக்கையானால் ஒவ்வொரு ரிப்பிலும் முதலில் ஒட்டி அழுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் சுருங்கும்போது துணி ரிப்பை விட்டுப் பிரிந்து நேர்கோடாகிவிடும்.

இறக்கையில் இவ்வளவு கவனமாக இருந்தவன் வாலுக்கு வந்தபோது களைத்துப்போயிருந்தேன். வால்தானே, சின்னப் பகுதிதானே என்ற எண்ணம். செங்குத்து வாலின் ரிப்களைப் பால்சாவுக்குப் பதில் ப்ளைவுட்டில் வெட்டினேன், ஏனென்றால் கையிருப்பில் ப்ளைவுட் மிஞ்சியிருந்தது. மூட்டுகளில் எபாக்ஸி தாராளமாகப் போட்டேன். மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டரை அசைக்கும் சின்ன மோட்டாரை, அதாவது சர்வோவை, வாலுக்குள்ளேயே வைத்துவிட்டேன். நீளமான தள்ளுகோல் வளையும், தளரும், அதைவிடச் சர்வோ பக்கத்திலேயே இருந்தால் நல்லது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயத்தில் உண்மையும் இருந்தது என்பதுதான் வம்பு. இணைப்பில் ஆட்டம் இருந்தால் வேகத்தில் எலிவேட்டர் படபடக்கத் தொடங்கும், சில நொடிகளில் வாலே பிய்ந்து போகலாம். ஆனால் என் விமானத்தில் வால் ஈர்ப்பு மையத்திலிருந்து ஒன்றரை மீட்டர் பின்னால், ஈயம் வைக்கும் இடம் 60 சென்டிமீட்டர் முன்னால். வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டரை கிராம் தர வேண்டும். சர்வோ 55 கிராம், ஆக ஈயம் 137 கிராம். மூக்கு குட்டையான பழைய கிளைடர்களில் இந்த வட்டி இன்னும் கடுமை.

மின்சார வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே பேட்டரியை நம்பி 9 கிலோவைத் தலைக்கு மேல் அனுப்பாதீர்கள். இரண்டு வையுங்கள், ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும்படி. இறக்கைக்குள் போகும் நீண்ட கம்பிகள் தடிமனாக இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் இரண்டு ஆண்டெனாக்களும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில், கார்பனுக்குப் பின்னால் ஒளியாமல் இருக்க வேண்டும். சிக்னல் போனால், உயரத்தைக் குறைக்க இறக்கையில் திறக்கும் ஏர்பிரேக் பாதி திறந்து, விமானம் மெதுவாக வட்டமடிக்கும்படி ஃபெயில்சேஃப் அமையுங்கள். ஒவ்வொரு முறை இறக்கை மாட்டிய பிறகும் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்து, இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடான ஐலரான் வலப்பக்கத்தில் மேலே எழுகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இடவலம் மாறிச் செருகிய இணைப்பை நான் தரையிலேயே ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறேன்.

முதல் பறப்பு இன்னொரு மாதிரி விமானத்தின் பின்னால் கயிற்றில். இழுக்கும் விமானத்தை ஓட்டியவர் என்னைவிட மூத்தவர், பல வருடம் இதே வேலையாக இருப்பவர். 60 சிசி பெட்ரோல் எஞ்சின், 25 மீட்டர் கயிறு. கிளம்புவதற்கு முன் கயிற்றை விடும் கொக்கியைப் பத்துக் கிலோ இழுப்பில் வைத்து விட்டுக் காட்டச் சொன்னார். வெறுமனே திறந்து மூடிக் காட்டியது அவருக்குப் போதவில்லை. அவர் சொன்னது சரிதான். இறுகிய கயிற்றில் ஊசி சிக்கிக்கொண்டது. வேறு சர்வோ மாட்டி, ஊசியை மெழுகு தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டு அடுத்த வாரம் வந்தேன்.

"பின்னாடி உட்கார்ந்து வர்றது மட்டும்தான் உங்க வேலை. திரும்புறதை நான் பாத்துக்கறேன். சந்தேகம் வந்தா யோசிக்காம கயிறை விட்டுருங்க" என்றார்.

ஒருவர் இறக்கை முனையைப் பிடித்தபடி நாலு அடி ஓடினார். கிளைடர் முதலில் காற்றில் எழுந்துவிடும், இழுக்கும் விமானம் இன்னும் தரையில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சில நொடிகளில் கை தன்னால் ஸ்டிக்கை இழுக்கப் பார்க்கும். இழுத்தால் முன்னால் போகும் விமானத்தின் வாலைத் தூக்கி அதன் மூக்கைத் தரையில் குத்திவிடுவோம். இரண்டு மீட்டர் உயரத்தில் அமுக்கிப் பிடித்துக் காத்திருந்தேன். மேலே போனதும் அதற்குச் சற்று உயரத்தில், பின்னால், அதே கோட்டில். திருப்பங்களில் செங்குத்து வாலின் அசையும் தகடான ரட்டரைக் கொண்டே தொடர்ந்தேன். ஒரு இடத்தில் கயிறு தொய்ந்தது. தொய்ந்த கயிறு வெடுக்கென்று இறுகும்போதுதான் எதுவும் உடையும்; மூக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிச் சறுக்கவிட்டால் கிளைடர் வேகம் குறைந்து கயிறு மெல்ல இறுகும். 300 மீட்டரில் விட்டேன். எஞ்சின் சத்தம் விலகிப் போய், காற்று துணியில் உரசும் ஒலி மட்டும் கீழேவரை கேட்டது.

அன்றே ஈர்ப்பு மையத்தைச் சோதித்தேன். மேலே, நேராகப் பறக்கும்படி டிரிம் செய்துவிட்டு, மூக்கை 30 பாகை இறக்கி, கையை எடுத்துவிட வேண்டும். விமானம் தானாக வெடுக்கென்று எழும்பினால் மூக்கு கனம். இன்னும் இன்னும் கீழே குத்திக்கொண்டு போனால் வால் கனம், உடனே மெதுவாக மீட்டெடுங்கள். நீண்ட வில்போல் நிதானமாக நிமிர்ந்தால் சரி. என்னுடையது சற்று வேகமாகவே எழும்பியது. மையத்தைச் சராசரி நாணின், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரையான அகலத்தின், 33 சதவீதத்தில் வைத்திருந்தேன். தரையிறங்கி 60 கிராம் ஈயத்தை எடுத்தேன், மையம் 4 மில்லிமீட்டர் பின்னால் போனது, அடுத்த பறப்பில் வளைவு இளகியது. ஒரு முறைக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்த வேண்டாம்.

திருப்பத்தில்தான் பழைய பழக்கம் காலை வாரியது. 2 மீட்டர் கிளைடரை ஐலரானால் மட்டும் திருப்பிப் பழகிய கை. இதில் ஐலரானைக் கொடுத்தால் இறக்கை சாயும், மூக்கு எதிர்ப்பக்கம் போகும்! கீழே இறங்கும் ஐலரான் அந்த இறக்கையைப் பின்னால் இழுக்கிறது. இழுப்பு நடக்கும் இடம் இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதால் நெம்புகோல் பலம் அதிகம். ஐலரான் மேலே போகும் அளவில் பாதிதான் கீழே வரும்படி அமைத்தேன். அதைவிட முக்கியம், ரட்டரை முதலில் கொடுத்து, மூக்கு நகரத் தொடங்கியதும் ஐலரானைக் கொடுப்பது. டிரான்ஸ்மிட்டரில் இரண்டையும் இணைத்துவிடலாம், முதலில் நானும் அப்படித்தான் செய்தேன். கயிற்றில் போகும்போது அது இடைஞ்சல், அதனால் எடுத்துவிட்டேன். இரண்டு கட்டைவிரலும் தனித்தனியாக யோசிக்கப் பத்துப் பன்னிரண்டு பறப்புகள் ஆயின.

தெர்மலில், அதாவது மேலெழும் சூடான காற்றில், வட்டமடிக்க 30 பாகை சாய்த்தால் 40 கிலோமீட்டர் வேகத்தில் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 43 மீட்டர். தாழ்வான உயரத்தில் தெர்மல் அவ்வளவு அகலமாக இருக்காது, இன்னும் சாய்க்க வேண்டும். 45 பாகையில் விட்டம் 25 மீட்டராகக் குறையும், ஆனால் ஸ்டால் வேகம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு ஏறும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லும் கருவியான வேரியோவின் ஒலி காதில் விழுமுன்பே எந்த இறக்கை முனை எழும்புகிறது என்று கண் பார்த்துவிடும். எழும்பிய பக்கம் திரும்புங்கள். இவ்வளவு நீண்ட இறக்கை, அதுவே நல்ல அளவுமானி.

ஆறாவது பறப்பில் உடைத்தேன்.

கண் வேகத்தைக் கிலோமீட்டரில் பார்ப்பதில்லை, விமானம் தன் அளவைப்போல் எத்தனை மடங்கு நகர்கிறது என்று பார்க்கிறது. என் 2 மீட்டர் கிளைடர் 30 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குத் தன் இறக்கையைப்போல் நாலு மடங்கு தூரம் போகும். கா-8 40 கிலோமீட்டரில் இரண்டு மடங்குதான். ஆக, வேகமாக வருவது மெதுவாக வருவதுபோல் தெரியும், தொலைவில் இருப்பது பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். நிறைய நேரம் இருக்கிறது என்று நினைத்து இறுதித் திருப்பத்தைத் தள்ளிப்போட்டேன். திரும்பும்போது உயரம் பத்து மீட்டர்கூட இல்லை. அந்த உயரத்தில் 5 மீட்டர் இறக்கையைச் சாய்க்கும் துணிச்சல் வரவில்லை, அரைகுறையாகச் சாய்த்து, ரட்டரால் தள்ளி, ஓடுபாதையைத் தாண்டி உயரமான புல்லுக்குள் போனேன். இடது முனை புல்லில் மாட்டியது. விமானம் அந்த முனையைச் சுற்றித் தரையிலேயே கால்வட்டம் போட்டது. படீர் என்ற சத்தம்.

இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்கில் கீறல்கூட இல்லை. செங்குத்து வாலுக்கு ஒரு சாண் முன்னால் உடல் இரண்டாக முறிந்திருந்தது. சுழற்சியின்போது மிக வேகமாகப் போகும் இடம் வால். விமானம் சட்டென்று நின்றபோது நான் அங்கே ஏற்றி வைத்திருந்த ப்ளைவுட்டும் எபாக்ஸியும் சர்வோவும் நிற்க மறுத்துத் தொடர்ந்து போயிருக்கின்றன. கனமாகக் கட்டினால் உறுதி என்று நினைத்தேன். அந்தக் கனம்தான் அதை முறித்தது.

கயிற்றை இழுத்த அந்த மூத்தவர் உடைந்த வாலைக் கையில் எடுத்து எடைபார்ப்பதுபோல் மேலும் கீழும் அசைத்தார். "இதை ஒட்டாதீங்க, புதுசாக் கட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்படியே செய்தேன். ரிப்கள் எல்லாம் பால்சா, பாரம் வரும் இரண்டு இடத்தில் மட்டும் ப்ளைவுட். எபாக்ஸியைத் தராசில் வைத்துக் கலந்து, வழிந்ததையெல்லாம் ஈரமாக இருக்கும்போதே துடைத்தேன். எலிவேட்டர் சர்வோ இப்போது இருக்கைக்கு அடியில். கார்பன் குழாயில் தள்ளுகோல் செய்து, வளையாமல் இருக்க 25 சென்டிமீட்டருக்கு ஒரு தாங்கி கொடுத்தேன். ரட்டருக்கு இருபுறமும் இழுகம்பி. மரத்திலும் பசையிலும் 70 கிராம் குறைந்தது. சர்வோ இடம்மாறியதும் சேர்ந்து, மூக்கிலிருந்து 280 கிராம் ஈயம் வெளியே வந்தது. மொத்த எடை 8.8 கிலோ.

தரையிறங்கும் விதத்தையும் மாற்றினேன். இறுதித் திருப்பம் இப்போது 30 மீட்டரில், உயரம் கூடுதலாக இருக்கிறதே என்று தோன்றும்போதே முடிந்துவிடும். கூடுதல் உயரத்தை ஏர்பிரேக் தின்றுவிடும். அதைத் திறந்தால் மூக்கு எந்தப் பக்கம் போகிறது என்று முன்பே மேலே வைத்துப் பார்த்து, எலிவேட்டரில் அதற்கேற்ற கலவை போட்டுவிட்டேன். வந்து சேரும் உயரம் போதவில்லை என்றால் இருக்கிற இடத்திலேயே, இறக்கைகள் மட்டமாக, நேராக இறக்கிவிட்டு நடந்துபோய் எடுத்துவருகிறேன். 200 மீட்டர் நடப்பதில் மானம் ஒன்றும் போவதில்லை.

மூக்கிலிருந்து இரண்டு தவணையில் எடுத்த 340 கிராம் ஈயக் குண்டுகளைத் துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த கிளைடரின் பலகைமேல், பசை காயும்வரை ஆப்பு நகராமல் இருக்க, பாரமாக உட்கார்ந்திருக்கிறது.